வேண்டாம் என்றவர்கள் கட்டிய வீடு

நீலிமட்டம் எஸ்டேட்டின் மூன்றாம் லைனில் பதினான்காம் நம்பர் வீட்டில் இருந்த அமுதராணிக்கு, சிங்கப்பூரில் உள்ள ஒரு ஹோட்டல் நிர்வாகப் பள்ளி, உன்னைச் சேர்த்துக்கொள்ள இயலவில்லை என்று மின்னஞ்சல் அனுப்பிய மறுநாள் காலையில், அவளுடைய அம்மா செல்லக்கிளி, கொழுந்து பறிக்கப் போகும்போது இடுப்பில் கட்டிக்கொள்ளும் படங்கை எடுப்பதற்காகப் பின்சுவர்ப் பக்கம் போனபோது, படங்கு தொங்கிய ஆணி இருந்த இடத்தில் ஒரு கதவு இருந்தது. திறந்து பார்த்தாள். உள்ளே ஒரு அறை, அறையில் ஒரு கட்டில், கட்டிலில் சுருக்கமில்லாத வெள்ளை விரிப்பு, தலைமாட்டில் ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே தினமும் பார்க்கிற அதே தேயிலைச் சரிவு, ஆனால் கொஞ்சம் உயரத்திலிருந்து பார்ப்பது போல.

"அமுதா, எந்திரி. உனக்கு ஒரு ரூம் வந்திருக்கு" என்று மகளை எழுப்பிச் சொல்லிவிட்டு, கீழே கிடந்த படங்கை எடுத்துக் கட்டிக்கொண்டு, ஏழரைக்குப் பேர் கூப்பிட்டுவிடுவார்கள் என்பதால் செல்லக்கிளி வேலைக்குப் போய்விட்டாள்.

தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீடு என்றால் பத்தடிக்குப் பன்னிரண்டடி, அதற்குள்ளேயே அடுப்பு, அதற்குள்ளேயே படுக்கை, இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், பின்னால் ஒரு சாக்கடை, சாக்கடைக்கு அப்பால் கம்பெனியின் தேயிலை. ஆகவே பதின்மூன்றாம் நம்பரில் இருந்த மரியசூசை, தன் வீட்டிலிருந்துதான் இடம் போயிருக்க வேண்டும் என்று முதலில் சந்தேகப்பட்டு, கயிறு பிடித்துத் தன் வீட்டை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளந்தார். ஒரு விரல்கூடக் குறையவில்லை. பின்னால் போய்ப் பார்த்தார். சாக்கடை ஓடிக்கொண்டிருந்தது, கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன, தேயிலை ஒரு செடிகூட நகரவில்லை.

"நம்மகிட்டயும் குறையல, கம்பெனிகிட்டயும் குறையல. அப்ப யாருக்கு என்ன நட்டம்?" என்று அவர் லைனுக்கே கேட்கும்படி தீர்ப்பு சொல்லிவிட்டு, பொள்ளாச்சியிலிருந்து வந்திருக்கும் தன் மச்சான் இரண்டு நாள் அங்கே படுத்துக்கொள்ளலாமா என்று அமுதராணியிடம் கேட்டார். முதல் விருந்தாளி அந்த மச்சான்தான்.

அமுதராணி வெளிநாட்டில் படிக்க ஆசைப்பட்டது இப்படித்தான். வெள்ளைக்காரன் காலத்து மேனேஜர் பங்களாவைக் கம்பெனி சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதியாக மாற்றியிருந்தது. பொள்ளாச்சியில் கேட்டரிங் டிப்ளமோ முடித்திருந்த அவள் அங்கே மூன்று வருடமாகக் கட்டில் விரித்துக்கொண்டிருந்தாள். வரவேற்பு மேசையில் இருந்த பெண் கல்யாணமாகிப் போனதும், அந்த இடத்தைத் தனக்குக் கொடுங்கள் என்று போய்க் கேட்டாள். விடுதியையும் சேர்த்துப் பார்த்துக்கொண்ட எஸ்டேட் மேனேஜர், லைன் முழுக்கத் துரை என்றே அழைக்கப்பட்டவர், கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த காகிதத்திலிருந்து நிமிராமலே, "முன்னால நிக்கிற வேலைக்கு ஒரு தோரணை வேணும்மா. அது லைன் வீட்டுப் புள்ளைங்களுக்கு வராது. வேணும்னா ஃபாரின்ல போய்ப் படிச்சிட்டு வா" என்று சொல்லிச் சிரித்தார். பக்கத்தில் நின்ற கிளார்க்கும் சிரித்தார். அமுதராணி சிரிக்கவில்லை. அன்று வேலை விட்டதும் சிக்னல் கிடைக்கிற பாறை மேல் ஏறி உட்கார்ந்து, ஃபாரினில் அதை எங்கே படிக்கலாம் என்று தேட ஆரம்பித்தாள்.

சிங்கப்பூர் வேண்டாம் என்றது. மலேசியா, ஆங்கிலத்தில் அரை மதிப்பெண் குறைகிறது என்றது, மரத்தரை போட்ட ஒரு அறை வந்தது. ஆஸ்திரேலியா, எஸ்டேட் பங்களாவில் வேலை பார்த்ததை அனுபவமாகக் கணக்கில் எடுக்க முடியாது என்றது, எந்நேரமும் வெந்நீர் வருகிற குளியலறையோடு ஒரு அறை வந்தது. மரியாதையாக மறுத்தவர்களிடமிருந்து வெளிச்சமான அறைகள் வந்தன, ஒரே வரியில் மறுத்தவர்களிடமிருந்து ஜன்னல் சிறுத்த அறைகள் வந்தன, பதிலே போடாமல் எட்டு மாதம் இழுத்தடித்த ஒரு பள்ளியிடமிருந்து மட்டும் வளைந்து வளைந்து போகும் நடைபாதையோடு ஒரு அறை வந்தது. மூன்று வருடத்தில் ஏழு அறைகள். பத்துக்குப் பன்னிரண்டில் பிள்ளை பெற்று, பிணம் கிடத்தி, பரீட்சைக்குப் படித்து, புருஷனோடு சண்டை போட்டு வாழ்ந்துவந்த மூன்றாம் லைன், அந்த ஏழு அறைகளுக்கும் ஏழு நாளில் பழகிவிட்டது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாம் நம்பர் அறையில் படித்தார்கள். காசநோய் வந்தவர் ஜன்னல் பெரிதான மூன்றாம் நம்பரில் கிடந்து தேறினார். பேசாமலிருந்த புருஷன் பெண்டாட்டியை ஐந்தாம் நம்பரில் விட்டுக் கதவைச் சாத்தினார்கள், அவர்கள் பேசிக்கொண்டே வெளியே வந்தார்கள். யானை வந்து கூரையைப் பிரித்த குடும்பம் ஆறாம் நம்பரில் இரண்டு மாதம் இருந்தது.

அமுதராணி பங்களாவில் விரிப்பதைவிட அங்கே இறுக்கமாக விரித்தாள். கதவுகளில் நம்பர் எழுதினாள். ஒரு நோட்டு போட்டு, வந்தவர் பெயர், எந்த அறை, வந்த காரணம், காலையில் டீயா காப்பியா என்று கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, எழுதத் தெரியாதவர்களுக்குத் தானே எழுதி, யாரானாலும் அதில் பெயர் வராமல் ஒரு அறையையும் திறக்கவில்லை.

கஷ்டம் வேறு விதமாக வந்தது. மரியசூசையின் மனைவி கித்தேரி ஒருநாள் அவளை வழியில் நிறுத்தினாள்.

"அமுதா, பங்குனில என் மக பிரசவத்துக்கு வர்றா. ஏழு ரூமும் நிறைஞ்சு கெடக்கே. அதுக்குள்ள இன்னொரு எடத்துக்கு எழுதிப் போடேன்."

"எடம் கெடைச்சிருச்சுன்னா?"

"உனக்கா?" என்றாள் கித்தேரி. அவள் மனதில் ஒரு கெடுதலும் இல்லை. "உனக்கு எங்கடி கெடைக்கப் போகுது."

அந்த வாரம் மாதா கோவிலில் கித்தேரி ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள் என்பதும், அது எதற்காக என்பதும் லைனுக்கே தெரிந்துபோயிற்று. ஏழு பள்ளிகள் வேண்டாம் என்றபோது அழாத அமுதராணி அன்று அழுதாள்.

"அவ ஏத்துனது தப்புதான்" என்றாள் செல்லக்கிளி. "ஆனா அவ மகளுக்கு ரூமக் குடுத்துரு."

"குடுக்க மாட்டேன்னு சொன்னேனா? குடுப்பேன். பாலும் காய்ச்சிக் குடுப்பேன். எடத்தையும் வாங்கிக் காட்டுவேன்."

துரையும் ஒருநாள் வந்தார். கிளார்க்கோடு வந்து, ஏழு அறைகளையும் சுற்றிப் பார்த்து, வெந்நீர்க் குழாயைத் திறந்து மூடி, விரிப்பின் மடிப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இந்த வீடு கம்பெனி வீடு, ஆகவே வீட்டில் முளைத்ததும் கம்பெனியுடையது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ இங்கயே சூப்பர்வைசரா இருந்துக்க. வருசத்துக்கு நாலு எடத்துக்கு அப்ளை பண்ணு. கண்டிப்பா கெடைக்காத எடமா நாங்களே பாத்துத் தர்றோம்" என்றார். அவள் சரியென்றும் சொல்லவில்லை, முடியாதென்றும் சொல்லவில்லை. அவருக்கும் கிளார்க்குக்கும் டீ கொடுத்து அனுப்பிவிட்டு, எட்டாவது விண்ணப்பத்தை எழுத உட்கார்ந்தாள்.

முந்தைய ஏழிலும் வெளிநாட்டுப் படிப்பு ஏஜெண்ட் ஒருவர் சொல்லிக் கொடுத்ததையே எழுதியிருந்தாள், சிறு வயது முதலே உபசரிப்பில் தீராத ஆர்வம் என்று. எட்டாவதில் உள்ளதை எழுதினாள். எங்களுக்குச் சொந்தமில்லாத ஒரு வீட்டில், உங்களைப் போன்ற பள்ளிகள் வேண்டாம் என்று சொன்னதால் வந்த ஏழு அறைகளை நான் நடத்துகிறேன், இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு பேர் தங்கியிருக்கிறார்கள், ஒருவர்கூட நனைந்த தலையணையில் படுத்ததில்லை என்று எழுதி, சுவிட்சர்லாந்தில் ஏரிக்கரையில் இருந்த ஒரு பள்ளிக்கு அனுப்பினாள்.

அவர்கள் நேர்காணலுக்கு அழைத்தார்கள். சிக்னல் வருகிற நான்காம் நம்பர் அறையில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு மூன்று பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது, கித்தேரியின் மகள் வலியெடுத்து உள்ளே வந்தாள். அமுதராணி அந்த மூன்று பேரிடமும், மன்னிக்கவும், ஒரு விருந்தாளி வந்திருக்கிறார் என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். விரிப்பு மாற்றி, வெந்நீர் பிடித்து, டிஸ்பென்சரிக்கு ஆள் அனுப்பி, நர்ஸ் வந்து சேர்ந்த பிறகு, நாற்பது நிமிடம் கழித்துத் திரும்பி வந்தாள். இரண்டு பேர் போய்விட்டிருந்தார்கள். மதாம் ஒடில் என்ற தலை நரைத்த பெண்மணி மட்டும் திரையில் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன குழந்தை?" என்று கேட்டாள் அவள்.

"பெண்."

"எனக்கு வேறு கேள்வி இல்லை."

முழு உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. மறுநாள் காலையில் லைன் முழுக்கப் பதினான்காம் நம்பருக்கு வந்து பார்த்தது. புதிதாக ஒன்றும் வரவில்லை. சிலர் அவளைக் கட்டிக்கொண்டார்கள், சிலர் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் போனால் இருக்கிற ஏழும் மூடிக்கொள்ளும் என்ற பயம் எப்படியோ கிளம்பி, மரியசூசையே நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, ஒரு வருடம் தள்ளிப்போட முடியாதா அம்மா என்று கேட்டார். செல்லக்கிளி அடுப்பிலிருந்து திரும்பினாள்.

"போனாப் போகட்டும், சூசை. ரூம் இல்லாமத்தானே நம்ம பொறந்தோம்? அவ போறா."

விசா அலுவலகம் முதல் தடவை, நீ திரும்பி வருவாய் என்று நம்ப இடமில்லை என்று திருப்பி அனுப்பியது. இருபது நாற்காலிகளோடு ஒரு பெரிய கூடம் வந்தது. லைன் மகிழ்ந்து கேசரி கிண்டியது. அமுதராணி கேசரியைத் தின்றுவிட்டு அடுத்த வாரமே மறுபடி விண்ணப்பித்து, விசா வாங்கி, பங்களா வேலையை விட்டுவிட்டு விமானம் ஏறினாள். அறைகள் மூடவில்லை.

அங்கே பனியும் பாலாடைக்கட்டியும் ஏரியும் இருந்தன. ஒரு கையில் மூன்று தட்டு ஏந்துவதும், தான் குடிக்காத ஒயினை மணத்தை வைத்துப் பெயர் சொல்வதும், கோபமாக வரும் விருந்தாளியை முதல் மூன்று நிமிடம் குறுக்கே பேசாமல் கேட்பதும் சொல்லிக் கொடுத்தார்கள். கட்டில் விரிக்கும் வகுப்பில் மதாம் ஒடில் அவள் விரித்ததன் மேல் ஒரு நாணயத்தைச் சுண்டிப் போட, விரிப்பின் இறுக்கத்தில் அது துள்ளி விழுந்தது. மற்றவர்களைச் சுற்றி நிற்கச் சொல்லிக் காட்டினாள். ஆனால் பயிற்சிக்கு ஒரு பெரிய ஹோட்டலுக்கு அனுப்பியபோது, வரவேற்பு மேசை கேட்ட அமுதராணியை, உன் உச்சரிப்பு விருந்தாளிகளுக்குச் சிரமமாக இருக்கும் என்று அடித்தளத்துச் சலவை அறைக்கு அனுப்பினார்கள். மறுநாள் செல்லக்கிளி போன் செய்தாள்.

"அமுதா, அங்க என்னடி நடந்துச்சு?"

"ஒண்ணும் இல்லம்மா. நல்லாத்தான் இருக்கேன்."

"பொய் சொல்லாத. காலைல கூடத்துக்குப் பக்கத்துல ரெண்டு ரூம் வந்திருக்கு. ரெண்டும் இருட்டா இருக்கு. ரொம்பத் திட்டுனாங்களா?"

எத்தனை மைல் தள்ளி வந்தாலும் தன் அவமானம் அம்மாவின் வீட்டில் போய் நிற்கிறது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அதன் பிறகு அவள் மறைப்பதை விட்டாள். வகுப்பில் யாராவது அவளோடு ஒரே குழுவில் சேர மறுத்தால் அன்றே அம்மாவுக்குச் சொன்னாள், செல்லக்கிளியும் மறுநாள் அறையின் அளவைச் சொன்னாள். வரவேற்பு மேசையை அவள் நான்கு முறை கேட்டாள். நான்கு முறையும் மறுத்தார்கள். ஐந்தாம் முறை கேட்டபோது கொடுத்தார்கள்.

"இன்னைக்கு ஒண்ணும் வரலயே" என்றாள் செல்லக்கிளி.

"முன்னால நிக்கிறேம்மா" என்றாள் மகள்.

இரண்டாம் வருடம் செல்லக்கிளிக்கு ஐம்பத்தெட்டு வயது முடிந்து, ஓய்வு பெறும் காலம் வந்தது. வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்து கொடுத்துவிட்டு மலையிறங்க வேண்டும் என்பது எஸ்டேட் வழக்கம், அப்படி இறங்கிப் போனவர்கள் சமவெளியில் தெரிந்தவர் யாருமில்லாமல் கிடந்து செத்ததும் எஸ்டேட்டுக்குத் தெரியும். செல்லக்கிளி இறங்கவில்லை. அவளோடு அந்த வருடம் வேலை முடிந்த ஆறு பேரும் இறங்கவில்லை. தங்கள் வீடுகளைக் காலி செய்து சாவியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, பாய்களைச் சுருட்டிக்கொண்டு பதினான்காம் நம்பருக்குள் போனார்கள். அப்போது அங்கே பத்தொன்பது அறைகள் இருந்தன.

கம்பெனி தொழிலாளர் அதிகாரியை வரவழைத்தது. அவர் வெளியிலிருந்து அளந்தார், பத்துக்குப் பன்னிரண்டு. கம்பெனியின் பதிவேட்டைப் பார்த்தார், அதிலும் பத்துக்குப் பன்னிரண்டு.

"இந்த ஒரு ரூம்தான் உங்களுது" என்றார் துரையிடம். "இதைக் காலி பண்ணச் சொல்லலாம். மத்தது உங்க கணக்குலயே இல்லையே, அதுக்கு நான் என்ன எழுதறது?"

செல்லக்கிளி அந்த முதல் அறையிலிருந்து அடுப்பையும் பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போய், முதல் அறையைச் சாணி போட்டு மெழுகிச் சுத்தமாக ஒப்படைத்தாள். உடனே கிளார்க் அந்த அறையின் வாசலுக்குப் பூட்டுப் போட்டார். உள்ளே இருக்கிறவர்கள் தட்டினால் திறப்போம், வெளியே வந்தால் மறுபடி உள்ளே போக முடியாது என்று துரை சொல்லச் சொன்னார். ஏழு பேரும் தட்டவில்லை. லைன் வீடுகளில் நடுச்சுவர் கூரை வரை போவதில்லை. அன்று மெழுகுவர்த்தி ஏற்றிய அதே கித்தேரி, ஸ்டூல் மேல் ஏறி நின்று சுவருக்கு மேலாகச் சோற்றுத் தூக்குகளை இறக்கினாள். பதினொரு நாள் இறக்கினாள்.

பன்னிரண்டாம் நாள், ஏரிக்கரைப் பள்ளியில் வேலை கொடுப்போர் கூடும் நாள். பெரிய பெரிய ஹோட்டல்களின் மேசைகளுக்கு நடுவில் எஸ்டேட் கம்பெனியின் டைரக்டரும் ஒரு மேசை போட்டிருந்தார். அமுதராணியைப் பெயர் சொல்லி அழைத்து, உட்காரச் சொல்லி, ஒரு கடிதத்தை நீட்டினார்.

"எங்க புது ஹெரிடேஜ் ஸ்டேக்கு நீங்கதான் ஜெனரல் மேனேஜர். பத்தொம்பது ரூம். வரவேற்பு மேசைல உங்க பேர்ப் பலகை இருக்கும். அம்மா கடைசி வரைக்கும் எங்க விருந்தாளியா அங்கயே இருக்கலாம். ரூம்ஸ் எல்லாம் கம்பெனியோடதுன்னு ஒரு கையெழுத்து மட்டும் போடணும்."

கூட நின்ற மாணவர்கள் கைதட்டினார்கள். படிப்பு முடியும் முன்பே அவ்வளவு பெரிய பதவி யாருக்கும் கிடைத்ததில்லை. பேனா அவள் கையில்தான் இருந்தது. வாங்கிக்கொண்டால் நாளைக்கே பூட்டு திறக்கும், அம்மா வெயிலில் உட்காருவாள், துரை அவளுக்கு எழுந்து நிற்க வேண்டியிருக்கும். மற்ற ஆறு பேர் என்ன ஆவார்கள் என்று கேட்டாள். அது பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார் டைரக்டர். வாழ்நாளில் இத்தனை பேர் அவளை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள், அவள் யாரையும் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. பேனாவை மூடி அவர் பக்கமாகவே வைத்தாள்.

"மாட்டேன்" என்றாள் தமிழில். மதாம் ஒடிலுக்கும் மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் சொன்னாள். பிறகு எழுந்து, நாற்காலியை மேசைக்கடியில் தள்ளி வைத்தாள்.

மறுநாள் காலை உணவு வகுப்பில் முட்டை உடைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"அமுதா, இந்தத் தடவ ரூம் வரலடி. கூடத்துக் கடைசில ஒரு கதவு வந்திருக்கு. ரெட்டைக் கதவு. தொறந்தா ஒம்பதாம் கொண்டை ஊசி வளைவு, ரோட்டுல நிக்கிறோம். ரோட்டுக்கு இந்தப் பக்கம் கம்பெனி எல்லைக் கல்லு இருக்கு. கதவு அதுக்கு அந்தப் பக்கம், கவர்மெண்டு தடுப்புச் சுவர்ல இருக்கு." செல்லக்கிளிக்கு மூச்சு வாங்கியது. "மழை ஊத்துது. கீழ மண்ணு சரிஞ்சு பஸ்சு நின்னு போச்சு. அம்பது பேரு எறங்கி இங்க வந்துட்டாங்க. என்ன செய்யட்டும்?"

"துண்டு குடும்மா. தலையத் தொவட்டட்டும். அப்புறம் ஒவ்வொருத்தர் பேரையும் நோட்டுல எழுது. போனக் கீழ வைக்காத, நான் இருக்கேன்."

அப்படியே ஒரு மணி நேரம், ஏரிக்கரையில் இருந்த மகள் சொல்லச் சொல்ல, குழந்தை வைத்திருந்தவர்களுக்கு வெந்நீர் அறைகளும் வயசானவர்களுக்குக் கூடத்துக்குப் பக்கத்து அறைகளுமாகப் பத்தொன்பதும் நிறைந்தன. இருட்டாக வந்த இரண்டு அறைகளிலும் பஸ் டிரைவரும் கண்டக்டரும் விளக்கைப் போடாமலே தூங்கிப்போனார்கள். பூட்டின வாசல் பூட்டினபடியே இருக்க, மரியசூசையும் கித்தேரியும் மூன்றாம் லைனும் ரோட்டு வழியே சுற்றிக்கொண்டு வந்து டீ போட்டார்கள்.

மதியம் ஒன்றரை மணிக்குத் துரையின் ஜீப் வந்தது. அவர் குடையில்லாமல் இறங்கி, நனைந்துகொண்டே வந்து கதவின் முன்னால் நின்றார்.

"யாரக் கேட்டு இங்க கதவு வச்சீங்க?"

முப்பத்தொன்பது வருடம், தினமும் காலையில் அவரும் அவருக்கு முன்னால் இருந்தவர்களும் பேர் கூப்பிட, "இருக்கேங்க" என்று கைதூக்கியவள் செல்லக்கிளி. அவள் மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்திருக்கவில்லை.

"மழைல நிக்காதீங்க, உள்ள வாங்க" என்றாள். "பேர எழுதிட்டுப் பேசுங்க. இங்க யாரா இருந்தாலும் எழுதணும்."

துரை திரும்பி ஜீப்பைப் பார்த்தார். மேலேயும் மண் சரிந்து, வந்த வழி மூடிக்கொண்டிருந்தது. கூடத்திலிருந்த ஐம்பது பேரும் டீ டம்ளரோடு அவரையே பார்த்தார்கள். அவர் உள்ளே வந்தார். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்ட, குனிந்து, செல்லக்கிளி விரல் வைத்துக் காட்டிய இடத்தில் தன் பெயரை எழுதினார். அடுத்த கட்டத்தில் வந்த காரணம் என்று இருந்தது. அதில் பேனா நின்றுவிட்டது. மேசை மேல், இன்னும் துண்டிக்காமலிருந்த போனில், ஏரிக்கரையில் அமுதராணி முட்டை உடைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

கடைசியில், மழை என்று எழுதினார்.

செல்லக்கிளி அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள், சரியாக இருக்கிறதா என்று இன்னொரு தடவை படித்தாள், பிறகு அவருக்கு ஒரு துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, "டீயா, காப்பியா?" என்று கேட்டாள்.